நீங்களும் துருக்கியில் ஒரு புராதனச் சின்னம் ஆகலாம்

துருக்கிக்குப் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. எந்த மாதம் கிளம்புவது, எந்த வரிசையில் நிற்பது, கம்பளக் கடைக்காரர் உபசரித்துக் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எப்படி எழுந்து வருவது என்பது வரைக்கும் புத்தகங்கள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவருக்கு இவ்வளவு. பார்க்கப்படுகிறவருக்கு? ஒரு தூணோ, கோபுரமோ, மூக்குடைந்த சிலையோ "நானும் ஒருநாள் நாலு பேர் வந்து படமெடுத்துக்கொள்ளும் நிலைக்கு உயர வேண்டும்" என்று ஆசைப்பட்டால் வழி சொல்ல நாதியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு.

தகுதி: பளிங்கு, செங்கல், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, யாரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது. பதினோராயிரம் வயதைக் கடந்த ஒருவர் 2018இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தார். முன்னனுபவம் தேவையில்லை. பின்னால் நிறைய வரும்.

1. முதலில் எரிந்துபோங்கள்

கட்டியவுடனேயே புகழ் பெற வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவைப் பாருங்கள். 360இல் தேவாலயமாகத் திறந்தார்கள். 404இல் கலவரத்தில் எரிந்தது. 415இல் மறுபடி கட்டினார்கள். 532இல் மறுபடி எரிந்தது. இரண்டாம் முறை தீ வைத்தவர்கள் தேர்ப்பந்தய ரசிகர்கள். நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் வழக்கமாக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த ஆண்டு இரண்டும் கைகோத்துப் பேரரசர் ஜஸ்டினியன் மேல் பாய்ந்தன. பதிலுக்குப் பந்தயத் திடலிலேயே சுமார் முப்பதாயிரம் பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதிவைத்திருக்கிறார். சாம்பல் ஆறுவதற்குள் ஜஸ்டினியன் மூன்றாவதைத் தொடங்கி 537இல் முடித்துவிட்டார். இன்று வரிசையில் நின்று பார்ப்பது இந்த மூன்றாம் பிறவியைத்தான்.

எரிந்தது போதாது, ஒருமுறை இடிந்தும் விழ வேண்டும். முதல் குவிமாடம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் தட்டை. தட்டையான குவிமாடம் தன் எடையைக் கீழே இறக்காமல் பக்கவாட்டில் தள்ளும். சுவர்கள் வெளியே சாயும். நிலநடுக்கமும் சேர்ந்துகொள்ள, 558இல் இடிந்தது. இளைய இசிடோர் என்பவர் அதை உயரமாகக் குவித்துக் கட்டி 562இல் ஒப்படைத்தார். அதன் பிறகும் பகுதி பகுதியாக விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் சினான் என்ற பெரும் கட்டடக் கலைஞர் முட்டுச்சுவர் கொடுத்தார். விழாமல் இருப்பது திறமையில்லை. விழுந்தால் தூக்கிவிட ஆள் வைத்திருப்பதுதான் திறமை.

2. மதம் மாறத் தயங்காதீர்கள்

கொள்கைப் பிடிப்பு மனிதர்களுக்கு அழகு. கட்டடங்களுக்கு அது ஆபத்து. 1453இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்தபோது ஹாகியா சோஃபியா பிடிவாதம் பிடிக்காமல் மசூதியாயிற்று. 1934இல் அமைச்சரவை முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு அருங்காட்சியகம். 2020 ஜூலையில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அதே மாதம் மறுபடி மசூதி. 2024 முதல் தொழுகைக்கு வருகிறவர்களுக்குக் கீழ்த்தளம் இலவசம். வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், மேல்மாடம், 25 யூரோ. ஒரே கூரைக்குள் பக்தியும் வரும்படியும் ஒன்றோடொன்று முட்டாமல் போய்வர ஏற்பாடாகிவிட்டது.

பூச்சு விஷயத்திலும் பெருந்தன்மை வேண்டும். மேலே சாந்து பூசினால் அவமானம் என்று நினைக்காதீர்கள். 1840களின் இறுதியில் ஃபொசாட்டி சகோதரர்கள் பழுதுபார்க்கும்போது பழைய மொசைக் ஓவியங்களைத் திறந்து, சுத்தம் செய்து, வரைந்து வைத்துக்கொண்டு, சுல்தான் அனுமதியோடு மறுபடி பூசி மூடினார்கள். பூச்சுக்கு அடியில் இருந்ததால் கிறிஸ்துவும் மரியாளும் புகைக்கும் ஈரத்துக்கும் தப்பி, 1931இல் தொடங்கிய அமெரிக்கக் குழுவின் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

முகமும் மாற்றத்தக்கதாக இருக்கட்டும். மேல்மாடத்தில் பேரரசி ஜோயியும் அவருடைய கணவரும் கிறிஸ்துவின் இருபுறமும் நிற்கும் மொசைக் ஒன்று உண்டு. ஜோயிக்கு மூன்று கணவர்கள். மொசைக் ஒன்றுதான். ஆள் மாறியபோது உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையையும் பெயரையும் மட்டும் மாற்றி ஒட்டினார்கள். சிக்கனத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வெளியூர் உதாரணம் வேண்டுமானால் அங்காராவுக்குப் போங்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே எழுதி ரோம் நகரில் வெண்கலத்தில் பொறித்து வைக்கச் செய்தார். வெண்கலம் விலைபோகும் சரக்கு. அது இன்று இல்லை. அதே வாசகத்தின் ஏறத்தாழ முழுமையான பிரதி அங்காராக் கோயில் சுவரில், லத்தீனிலும் கிரேக்கத்திலும் நிற்கிறது. அந்தக் கோயில் பின்னாளில் தேவாலயமானது. 15ஆம் நூற்றாண்டில் ஹாஜி பைராம் மசூதி அதன் தோளோடு தோள் சேர்ந்து எழுந்தது. ரோமப் பேரரசரின் தற்புகழ்ச்சியை இன்றுவரை காத்துத் தந்த புண்ணியத்தில் மூன்று மதங்களுக்கும் பங்கிருக்கிறது.

3. சொந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை

மண்ணின் மைந்தர் என்ற வாதமெல்லாம் இங்கே எடுபடாது. அதே தேர்ப்பந்தயத் திடலில் இன்று நிற்கும் கூம்புத்தூண் எகிப்தில் மூன்றாம் துத்மோசுக்காகச் செதுக்கியது. வழியிலோ வந்த பிறகோ அடிப்பாகம் உடைந்துபோக, மீந்ததை 390இல் பேரரசர் தியோடோசியஸ் நிறுத்தினார். அடிப்பீடத்தில் வேலை எத்தனை நாளில் முடிந்தது என்று பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். லத்தீன் வாசகம் முப்பது நாள் என்கிறது, கிரேக்க வாசகம் முப்பத்திரண்டு என்கிறது. அரசாங்கக் கட்டுமானம் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

பக்கத்தில் பின்னிப் பிணைந்த பாம்புத்தூண். கி.மு. 479இல் பாரசீகரைத் தோற்கடித்த கிரேக்க நகரங்கள் டெல்ஃபி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. கான்ஸ்டன்டைன் அதைத் தன் புதிய தலைநகருக்குக் கொண்டுவந்தார். மூன்று தலைகளும் பிறகு போயின. ஒன்றின் மேல்தாடை மட்டும் நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே திடலின் வெண்கலக் குதிரைகளை 1204இல் சிலுவைப்போர்ப் படை வெனிசுக்குக் கடத்திப் போனது. வந்த வழியில்தான் போவார்கள் என்பது இல்லை. வந்தது போலவே போவார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

கிடைத்த வேலை எவ்வளவு கீழ்த்தரமானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஜஸ்டினியன் கட்டிய நிலத்தடி நீர்த்தேக்கத்தில் 336 தூண்கள். பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை. அதன் ஒரு மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெடூசாவின் இரண்டு தலைகளைத் திணித்திருக்கிறார்கள், ஒன்றைத் தலைகீழாக, ஒன்றைப் பக்கவாட்டில். பார்த்தவரைக் கல்லாக்கும் அரக்கிக்கு அண்டக்கொடுக்கும் வேலை. தண்ணீருக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கொத்தனார் நினைத்திருக்க வேண்டும். இன்று அந்தத் தூண்களை அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. கீழே குனிந்து அந்தத் தலைகளைப் பார்க்கத்தான் கூட்டம்.

4. தலைமறைவாக இருக்கப் பழகுங்கள்

அந்த நீர்த்தேக்கத்தையே ஊர் மறந்திருந்தது. 1540களில் பியர் ஷில் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே வந்தபோது, மேலே குடியிருந்தவர்கள் வீட்டுக்குள் இருந்த துவாரத்தில் வாளி விட்டுத் தண்ணீர் இறைத்தார்கள், மீனும் பிடித்தார்கள். கீழே ஒரு மண்டபமே இருப்பது பலருக்குத் தெரியாது.

கப்படோசியாவில் டெரின்குயு என்ற நிலத்தடி நகரம், 85 மீட்டர் ஆழம் வரை பல அடுக்குகள், 1963இல் ஒருவர் தன் வீட்டைச் செப்பனிடச் சுவரை இடித்தபோது வெளியே வந்தது. அதே வட்டாரத்தில், கோரெமேயின் இருட்டுத் தேவாலயம் 11ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை நேற்றுத் தீட்டியது போல் வைத்திருக்கிறது. சன்னல் ஒன்றே ஒன்று, சின்னது, வெயில் புகவில்லை. போதாததற்கு, திராட்சைத் தோட்டத்துக்கு எரு வேண்டிய விவசாயிகள் அதைப் புறாக்கூண்டாக்கியிருந்தார்கள். எச்சம் சுவரில் படிந்து கவசமாயிற்று. அதைச் சுரண்டி எடுக்கப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. கலைப் பாதுகாப்பில் புறாக்களின் பங்களிப்பை எந்த அறிவிப்புப் பலகையும் போதிய அளவு பாராட்டவில்லை.

இந்தத் துறையின் மூத்தவர் கோபெக்லி டெபே. கி.மு. 9500ஐ ஒட்டிய காலத்தில், மட்பாண்டம் செய்யவே தெரியாத வேட்டையாடிகள், நரியும் பாம்பும் பறவையும் செதுக்கிய ஐந்து மீட்டர் உயரத் தூண்களை வட்டம் வட்டமாக நட்டார்கள். 1963இல் ஆய்வாளர்கள் அந்த மேட்டின் மேல் நடந்துபோனார்கள்; மண்ணில் துருத்திய கற்களைக் கண்டு பழைய இடுகாடு என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1994இல் கிளாஸ் ஷ்மிட் வந்து மறுபடி பார்க்கும்வரை இந்த மூத்தவர் அசையவில்லை. பொறுமை என்றால் அது.

5. நடுவில் நிற்காதீர்கள்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிழைக்க இரண்டே வழி: யாருக்காவது பயன்படுவது, அல்லது எல்லோராலும் மறக்கப்படுவது. பயனும் இல்லாமல், மறைவும் இல்லாமல், வெட்டவெளியில் பளிங்காக நின்றால் உங்களைச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோவார்கள். பளிங்கை எரித்தால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும் என்பது உலகறிந்த உண்மை.

உலக அதிசயங்களுக்கே இதுதான் கதி. ஹாலிகர்னாசஸில் மன்னர் மௌசோலஸின் கல்லறை நிலநடுக்கங்களில் சரிந்து கிடந்தது. பக்கத்தில் கோட்டை கட்டிய புனித யோவான் வீரர்கள் அதன் கற்களை மதிலுக்கு எடுத்தார்கள், பளிங்கைச் சுண்ணாம்பாக எரித்தார்கள். மதிலுக்குப் போன கல் பிழைத்தது. அதே கோட்டையில், இன்றைய போட்ரும் நகரில், இப்போதும் பார்க்கலாம். அதிசயம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கிறது. பெர்காமோன் மலையிலும் காளவாய் புகைந்துகொண்டிருந்தபோது சாலை போட வந்த ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் ஹூமன் குறுக்கே விழுந்தார். 1878இல் அகழ்வு தொடங்கியது. பலிபீடம் காளவாய்க்குத் தப்பியது. ஆனால் பெர்லினுக்குப் போய்விட்டது. பெர்காமாவில் மீந்திருப்பது அடித்தளமும் அதன் மேல் வளர்ந்த மரமும்.

எபேசு நகரம் மறதியால் பிழைத்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கியது. கப்பல் வராத துறைமுகத்தில் யாருக்கு என்ன வேலை? ஊர் காலியானது. மேலே புது ஊர் எழாததால் தெருக்கள் தெருக்களாகவே கிடைத்தன. அங்கே படமெடுக்க எல்லோரும் நிற்கும் செல்சஸ் நூலகம் ஒரு மகன் தந்தைக்குக் கட்டிய நினைவிடம். தந்தை அடியிலேயே உறங்குகிறார். சுவடிகள் எரிந்த பிறகு அதன் முகப்பு நீரூற்றுக்குப் பின்சுவராக வேலை பார்த்தது. பிறகு அதுவும் சரிய, 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டுகளைக் கோத்து நிறுத்தினார்கள். ஒரு மைல் தள்ளியிருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலோ நடுவில் நின்றது. கற்கள் ஊரெல்லாம் வேலைக்குப் போயின. இன்று அங்கே துண்டுகளை அடுக்கிய ஒற்றைத் தூண். உச்சியில் நாரை கூடு கட்டுகிறது.

அணைக்கட்டுத் திட்டம் போடுகிற ஆற்றங்கரையில் மட்டும் குடியிருக்காதீர்கள். டைகிரிஸ் கரையின் ஹசன்கெய்ஃப் எத்தனையோ படையெடுப்புகளைத் தாங்கியது. இலிசு அணையை அதனால் தாங்க முடியவில்லை. 2020இல் ஊர் நீருக்குள் போயிற்று. ஜெய்னல் பேயின் 15ஆம் நூற்றாண்டுச் சமாதியை மட்டும், 1,100 டன் எடையோடு, சக்கர வண்டிமேல் ஏற்றி 2017இல் இரண்டு கிலோமீட்டர் நகர்த்தினார்கள். சிபாரிசு உள்ளவர்களுக்கு எப்போதும் வண்டி வரும்.

6. கதை ஒன்று கைவசம் இருக்கட்டும்

கல் இல்லாவிட்டாலும் கதை இருந்தால் சமாளிக்கலாம். டிராயில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள் கிடந்தன. ஹோமர் பாடியது அடியில்தான் இருக்கும் என்று நம்பிய ஹைன்ரிஷ் ஷ்லீமன், 1870களில் மேட்டை நடுவே பிளந்து, தான் தேடியதையே தோண்டி எறிந்துவிட்டுக் கீழே போனார். 1873இல் அவர் எடுத்து "பிரையமின் புதையல்" என்று பெயர் சூட்டிய தங்கம், அந்த மன்னர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தையது. அது உஸ்மானிய அரசுக்குத் தெரியாமல் வெளியேறி, பெர்லின் போய், 1945இல் அங்கிருந்து செம்படையோடு மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் பிறகு டிராயில் பயணிகள் கேட்பது ஒன்றே ஒன்று: குதிரை எங்கே? வாசலில் ஒரு மரக்குதிரை உண்டு, 1970களில் தச்சர்கள் செய்தது. அது போதாதவர்களுக்குச் சனக்கலே கடற்கரையில் இன்னொன்று. 2004இல் வந்த ஹாலிவுட் படத்தில் நடித்தது. மூவாயிரம் ஆண்டு மதிலைவிட அரை நூற்றாண்டுப் பலகைக்கு மவுசு அதிகம்.

இஸ்தான்புல்லின் கலாட்டா கோபுரத்தை ஜெனோவா வணிகர்கள் 1348இல் கட்டினார்கள். அதன் உச்சியிலிருந்து ஹெசார்ஃபென் அகமது என்பவர் 17ஆம் நூற்றாண்டில் இறக்கை கட்டிக்கொண்டு பாஸ்பரஸ் நீரிணைக்கு மேலே பறந்து அக்கரை சேர்ந்தாராம். சொல்பவர் எவ்லியா செலபி என்ற பயணி ஒருவர் மட்டுமே. ஒரு சாட்சி போதும், சுவையாகச் சொல்லத் தெரிந்திருந்தால்.

எச்சரிக்கை: விளம்பரத்துக்காக எதையும் கொளுத்தாதீர்கள். கி.மு. 356இல் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஆர்ட்டெமிஸ் கோயிலுக்குத் தீ வைத்தான் ஹெரோஸ்ட்ராட்டஸ். அவன் பெயரை உச்சரிக்கவே கூடாது என்று எபேசு நகரத்தார் தடை போட்டார்கள். அந்தத் தடை எவ்வளவு சிறப்பாக வேலை செய்தது என்பதை இந்தப் பத்தியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

7. அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*என் தலை விழுந்துவிட்டது. வேலைவாய்ப்பு உண்டா?*
நெம்ருத் மலையில், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, கொம்மாகேனே மன்னர் அந்தியோக்கஸ் தன்னையும் தெய்வங்களையும் வரிசையாக உட்கார வைத்தார். எல்லாத் தலைகளும் உருண்டுவிட்டன. தரையில் நிற்கும் அந்தத் தலைகளைப் பார்க்கத்தான் பயணிகள் விடியலுக்கு முன்பே மலையேறுகிறார்கள். உடம்பை யாரும் விசாரிப்பதில்லை.

*என்னைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்ப முடியுமா?*
நம்பிக்கை இழக்க வேண்டாம். ஸெயூக்மா நகரத்தின் "ஜிப்சிப் பெண்" மொசைக்கைச் சுற்றியிருந்த துண்டுகள் கடத்தலில் போய் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடந்தன. 2018இல் காஸியான்டெப் அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. கூடுதல் நிபந்தனை: உங்கள் கண்கள் அவளுடையவை போல இருக்க வேண்டும்.

*நிலநடுக்கத்துக்கு என்ன பரிகாரம்?*
இல்லை. 989இல் ஹாகியா சோஃபியாவின் குவிமாடம் ஒரு பக்கம் சரிந்தபோது அதைச் சீர்செய்தவர் ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் திர்தாத். அவரே தன் நாட்டில் கட்டிய அனி தேவாலயத்தின் குவிமாடம் 1319இல் விழுந்தது. தூக்கி நிறுத்த யாரும் வரவில்லை, ஊரே வெறிச்சோடிக்கொண்டிருந்தது. முதல் பாடத்தை மறுபடி படிக்கவும்.

*ஒருவன் என்மேல் பெயரைக் கிறுக்கிவிட்டான்.*
இன்று கிறுக்கினால் காவலரைக் கூப்பிடுங்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிறுக்கியிருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஹாகியா சோஃபியா மேல்மாடத்தின் கைப்பிடிச் சுவரில் ஹால்ஃப்தான் என்ற வடநாட்டு வீரன் பொறித்த எழுத்தைத் தேடிப்பிடித்துப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

*என்னை அசல் நிலைக்குத் திருப்பப் போவதாகச் சொல்கிறார்கள்.*
எந்த அசல் என்று கேளுங்கள். மேல்பூச்சை எடுத்தால் மொசைக் வரும்; ஜோயி மொசைக்கில் இரண்டாவது தலையை எடுத்தால் முதல் தலை வராது, வெறும் ஓட்டைதான் வரும். மூன்றாம் கட்டடத்தை எடுத்தால் இரண்டாவதன் சாம்பல்; அதற்கும் கீழே முதலாவதன் சாம்பல். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு இன்னொரு நூறு ஆண்டு ஓடிவிடும்.

*நான் போன வருடம் கட்டிய சாதாரணக் கட்டடம். எனக்கு வாய்ப்பிருக்கிறதா?*
தாராளமாக. இப்போதைக்கு மழைக்கு ஒழுகாமல் இருங்கள்; உள்ளே நிற்க நிழலும் உட்கார இடமும் கொடுங்கள். ஆண்டவர்கள் போய் அடுத்தவர்கள் வரும்போது அவர்கள் முதலில் பார்ப்பது கூரை நன்றாக இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் இடிக்க மாட்டார்கள். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவார்கள். மாற்றட்டும், விடுங்கள்.